உத்திரத்தில் தங்கும் தூசி

நெசவாளர் ஊரான எங்கள் அம்மையார்குப்பத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்தக் கோட்டைப் படுக்கையிலிருந்து தூக்கி நிமிர்த்தி வைத்தால் அதன் நுனி விண்வெளியில் இருக்கும். தரைக்கு 100 கி.மீ. உயரத்தில் விண்வெளி தொடங்குவதாக உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. கார்மன் கோடு என்று அதற்குப் பெயர். சேலை மூட்டையோடு சென்னைக்குப் போகிற தூரம்தான். வழி செங்குத்து என்பது மட்டுமே வித்தியாசம்.

ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் ஊர் மாடிகளில் கொஞ்சம் கூட்டம் இருக்கும். 2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை மாலை 5.35 மணிக்கு ஜிஎஸ்எல்வி-எஃப்14 கிளம்பியபோதும் அப்படித்தான். போனில் வரும் நேரலை கொஞ்சம் பின்தங்கியே வரும். அதில் ராக்கெட் தளத்தைவிட்டு எழும்போது, வடகிழக்கே நகரி மலைக்கு மேல் நிஜ ராக்கெட் வந்துவிடும். முதலில் ஒரு நெருப்புப் புள்ளி. அதன் வாலில் வெள்ளைக் கோடு. இரண்டு நிமிடத்தில் புள்ளி மறைந்துவிடுகிறது, கோடு மட்டும் நிற்கிறது. அப்புறம் அந்தக் கோடு மெல்ல வளைய ஆரம்பிக்கிறது. கீழ்ப்பகுதி ஒரு பக்கம் இழுபடும், நடுப்பகுதி எதிர்ப்பக்கம் போகும், கால் மணி நேரத்தில் வானத்தில் நூல் சிக்கு விழுந்தது மாதிரி ஆகிவிடும். ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் அடிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

பக்கத்து மாடியில் நின்றிருந்த தறிக்காரர் ஒருவர் அந்தச் சிக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, ராக்கெட்டு போயிடுச்சி, சரி. இந்தப் பொகையெல்லாம் எங்கதான் போவுது?"

கரைந்துவிடும் என்றுதான் வாய் வரை வந்தது. ஆனால் அது பாதி பதில். மீதிப் பாதி, அவருடைய விசைத்தறிக் கொட்டகைக்குள்ளேயே இருக்கிறது.

தரையும் உத்திரமும்

தறி ஓடினால் பஞ்சு பறக்கும். நூலிலிருந்து உதிரும் சன்னமான தூசி முடியில், புருவத்தில், சட்டையில், தறியின் மேல் எங்கும் படியும். தரையில் விழுந்ததைத் தினமும் பெருக்கித் தள்ளிவிடலாம். மேலே போய்க் கூரைக்கு அடியில் இருக்கும் இரும்பு உத்திரத்தில் உட்கார்ந்துகொண்டதை யாரும் தொடுவதில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் ஒட்டடைக் கம்பு எடுக்கும் வரை அது அங்கேயேதான் இருக்கும்.

நம் தலைக்கு மேலுள்ள காற்றும் இப்படித்தான் இரண்டு தளமாக இருக்கிறது. நம் வெப்பமண்டலப் பகுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. வரை கீழடுக்கு. மேகம், மழை, புயல், இடி எல்லாம் இதற்குள்தான். அடுப்புப் புகையோ லாரிப் புகையோ இதில் கலந்தால், சில நாட்களில், போனால் ஒன்றிரண்டு வாரத்தில், மழை அதைக் கழுவித் தரைக்குக் கொண்டுவந்துவிடும். மழைதான் இந்தத் தளத்தின் துடைப்பம்.

அதற்கு மேலே ஏறத்தாழ 50 கி.மீ. வரை ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்கு மண்டலம். இங்கே மேலே போகப் போகக் காற்று சூடாகிறது. சூடான காற்று மேலேயும் குளிர்ந்தது கீழேயுமாக இருப்பதால் இரண்டும் புரண்டு கலப்பதில்லை. மழையும் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த நுண்துகள் மூன்று, நான்கு ஆண்டுகள்கூடத் தங்கிவிடும். சூரியனின் புற ஊதாக் கதிர்களை நமக்காகத் தடுத்து நிறுத்தும் ஓசோன் படலம் இருப்பதும் பெரும்பாலும் இந்த அடுக்கில்தான், 15 முதல் 35 கி.மீ. உயரத்துக்குள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் ஒரு கைப்பிடித் தூசி தரையில் விழுகிறது, ஒவ்வொரு பிடியும் ஒரு வாரம் கிடந்துவிட்டு நீங்குகிறது என்றால், தரையில் எப்போதும் ஏழு கைப்பிடிக்கு மேல் சேராது. அதே ஒரு கைப்பிடி உத்திரத்தில் விழுந்து நான்கு ஆண்டுகள் தங்கினால்? அங்கே 1,460 கைப்பிடி சேர்ந்து கிடக்கும். போட்டது ஒரே அளவுதான். தங்கிய இடம்தான் அதை 200 மடங்குக்கு மேல் ஆக்கியது.

விமானங்கள் பெரும்பாலும் 10, 12 கி.மீ. உயரத்தில் பறக்கின்றன. உத்திரத்தில் நேரடியாகத் தூசி கொட்டும் வாகனம் மனிதர் செய்தவற்றில் ஏறத்தாழ ராக்கெட் ஒன்றுதான்.

போகிப் புகை

ராக்கெட் புகை என்று பொதுவாகச் சொன்னாலும், எரிபொருளைப் பொறுத்து அது மாறும்.

திட எரிபொருள் ராக்கெட்டில் அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு, அலுமினியப் பொடி, இரண்டையும் பிணைத்து வைக்கும் செயற்கை ரப்பர் ஆகியவை இருக்கும். எங்கள் மாடியிலிருந்து தெரியும் அந்த வெள்ளைக் கோடு இதிலிருந்து வருவது. எரிந்து வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. கூடவே அலுமினிய ஆக்சைடுத் துகள்கள். ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து பிரியும் குளோரின், ஓசோனுக்கு எதிரி. ஒரே ஒரு குளோரின் அணு, தான் அழியாமல், ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன் பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் உடைத்துப்போட வல்லது. அலுமினிய ஆக்சைடுத் துகள்களின் மேற்பரப்பு அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது.

மண்ணெண்ணெய் ராக்கெட்டில் புகைக்கரி அதிகம். அமெரிக்காவின் ஃபால்கன்-9 இந்த வகை.

கலப்பு ராக்கெட் என்று ஒன்று உண்டு. திட நிலையில் ரப்பர், அதை எரிக்க நைட்ரஸ் ஆக்சைடு வாயு. விர்ஜின் கேலக்டிக் நிறுவனத்தின் ‘யூனிட்டி’ சுற்றுலா விண்கலம் இப்படித்தான் ஓடியது. அதில் எரிந்த ரப்பர் டயர் ரப்பருக்குத் தூரத்து உறவு. போகியன்று யாராவது டயரைக் கொளுத்திப்போட்டால் தெருவே எப்படிக் கறுத்துப்போகும் என்று நமக்குத் தெரியும். அதே சங்கதிதான், நடப்பது மட்டும் மழை எட்டாத உயரத்தில். யூனிட்டியை ஒரு தாய் விமானம் ஏறத்தாழ 14 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிச் சென்று விடும். அதன் பிறகு ராக்கெட் ஏறத்தாழ ஒரு நிமிடம் எரியும். அந்த ஒரு நிமிடமும் ஏறக்குறைய முழுதாக அடுக்கு மண்டலத்துக்குள்ளேயே கழிந்துவிடும். உத்திரத்தின் மேல் ஏறி நின்று பஞ்சை உதறியது போல.

திரவ ஹைட்ரஜன் ராக்கெட்டில் வெளிவருவது பெரும்பாலும் நீராவி. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் நிறுவனத்தின் ‘நியூ ஷெப்பர்டு’ இந்த வகை. இது சுத்தமானது என்று சொல்லிக்கொள்வார்கள். ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் உலகில் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. புகை இல்லாமல் இல்லை, புகைபோக்கி வேறு ஊரில் இருக்கிறது.

எந்த எரிபொருளில் போனாலும் திரும்பி வருவதற்கு ஒரு விலை உண்டு. சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் கலம் காற்றை உரசும் வேகத்தில், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உருவாகிறது. அதுவும் ஓசோனைத் தின்னும். கீழே வராமல் மேலேயே எரிந்துபோகும் செயற்கைக்கோள்களின் உலோகமும் எங்கேயும் மறைவதில்லை. அமெரிக்க ஆய்வு விமானங்கள் அடுக்கு மண்டலத்திலிருந்து எடுத்த கந்தக அமிலத் துகள்களில், சற்றுப் பெரியவற்றில் ஏறத்தாழ 10 சதவீதத்தில் அலுமினியம் முதலிய விண்கல உலோகங்கள் இருந்தன என்று 2023இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

அடுப்புக்கரியும் ராக்கெட் கரியும்

புகைக்கரி பூமியைச் சூடாக்கும் என்ற அறிவு பரவியதில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து அமெரிக்கா சென்ற வீரபத்ரன் ராமநாதன், 1975இல் குளிர்சாதனப் பெட்டிகளில் அப்போது பயன்பட்ட சிஎஃப்சி வாயுவின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது என்று காட்டினார். பிறகு இந்தியப் பெருங்கடலின் மேல் நடந்த பெரிய ஆய்வொன்றில், தெற்காசியாவிலிருந்து எழும் பழுப்புப் புகைமண்டலம் கடல் வரை பரவிக் கிடப்பதைக் கண்டவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். விறகடுப்பு, சாண வறட்டி, டீசல் ஆகியவற்றின் கரி, கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்தபடியாகப் பூமியைச் சூடாக்குகிறது என்று 2008இல் அவரும் கிரிகரி கார்மைக்கேலும் எழுதினார்கள்.

கரி கறுப்பு. கறுப்பு வெயிலைக் குடிக்கும். மே மாதம் கறுப்புச் சட்டை போட்டு வெளியே போனவருக்கு விளக்க வேண்டியதில்லை. கீழடுக்கில் இருக்கும் கரிக்குக் குடை போல மேகம் இருக்கிறது, கழுவ மழையும் இருக்கிறது. அடுக்கு மண்டலத்துக் கரிக்கு இரண்டும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் நேர் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ராபர்ட் ரயன், எலோயிஸ் மரேஸ் உள்ளிட்டோர் 2022இல் இதைக் கணக்கிட்டார்கள். தரையிலிருந்தும் விமானங்களிலிருந்தும் வரும் கரியோடு ஒப்பிட்டால், ராக்கெட் கரி எடைக்கு எடை ஏறத்தாழ 500 மடங்கு வீரியமாக வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது. சுற்றுலாக் கலங்கள் சில தினசரியும் சில வாரந்தோறும் பறக்கும் நிலை வந்தால், மூன்றே ஆண்டுகளில் ராக்கெட் கரியால் ஏற்படும் சூடு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. அதே ஆண்டு அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வாளர்கள், அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டன்னாக இருந்த ராக்கெட் கரி 10,000 டன் ஆனால், அடுக்கு மண்டலத்தின் சில பகுதிகள் 0.5 முதல் 2 டிகிரி வரை சூடேறும், காற்றோட்டப் பாதைகள் மாறும், ஓசோன் மெலியும் என்று காட்டினார்கள். 10,000 டன் என்பது உலகத்து லாரிகள் கக்கும் கரியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அது உத்திரத்துக்குப் போகிற கரி.

பதினோரு நிமிடம்

சொந்தக் காசு கொடுத்து விண்வெளிக்குப் போன முதல் ஆள் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ. 2001 ஏப்ரலில் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அதன் பிறகு 20 ஆண்டுகள் அது அபூர்வமான ஆடம்பரமாகவே இருந்தது. 2021 ஜூலையில் நிலைமை மாறியது. ஒன்பது நாள் இடைவெளியில் விர்ஜின் கேலக்டிக்கின் ரிச்சர்ட் பிரான்சனும் ஜெஃப் பெசோஸும் தத்தம் கலத்தில் ஏறிப் போய்வந்தார்கள். பிரான்சனோடு போனவர்களில் ஒருவர் நமக்கு அண்டை மாநிலமான ஆந்திராவில் பிறந்த சிரிஷா பண்ட்லா. 2024 மே 19இல் நியூ ஷெப்பர்டில் ஏறிய விமானி கோபி தோட்டக்குரா, விஜயவாடாவைச் சேர்ந்தவர். விண்வெளிச் சுற்றுலா போன முதல் இந்தியர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நியூ ஷெப்பர்டு கிளம்பித் தரையிறங்க ஏறத்தாழ 11 நிமிடம். எடையற்று மிதப்பது அதில் சில நிமிடங்கள்தான்.

அந்தப் பதினோரு நிமிடத்துக்கு, மறைமுகச் செலவையும் சேர்த்தால், ஒரு பயணிக்குக் குறைந்தது 75 டன் கார்பன் வெளியேறுகிறது என்று 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை கணக்கிட்டது. உலகின் கடைக்கோடி 100 கோடிப் பேரில் ஒருவர் தம் ஆயுள் முழுக்க வெளியேற்றுவதுகூட அந்த அளவுக்கு வராது என்றும் சேர்த்துச் சொன்னது. சராசரி இந்தியர் ஆண்டுக்கு வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 2 டன். அதாவது ஒருவர் 37 ஆண்டுகள் பஸ்ஸில் போய், சமைத்து, தறி ஓட்டி, மின்விசிறி போட்டுத் தீர்ப்பதை இன்னொருவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்த்துவிடுகிறார்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்று சுற்றுலாப் பயணங்கள் மிகக் குறைவு. 2024இல் உலகெங்கும் 250க்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் சுற்றுப்பாதை நோக்கி ஏவப்பட்டன. அவற்றில் கணிசமான பங்கு இணையச் செயற்கைக்கோள்களுக்காக. யூனிட்டி கலமும் 2024 ஜூனில் ஓய்வுபெற்றுவிட்டது. இன்றைய ஓசோன் இழப்பில் சுற்றுலாவின் பங்கு பொருட்படுத்தும் அளவில் இல்லை. பிறகு ஏன் இப்போதே இந்தப் பேச்சு? சுற்றுலாவுக்கு என்று தனி இயல்பு உண்டு என்பதால்தான். வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை அனுப்பினால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்த வேலை முடிந்தது. சுற்றுலா அப்படி முடிவதில்லை. ஒருவர் இறங்கினால் அடுத்தவர் ஏறவேண்டும். எவ்வளவு அடிக்கடிப் பறக்கிறதோ அவ்வளவு லாபம். டிக்கெட் விலை இறங்க இறங்கக் கூட்டம் கூடும். அந்தத் தொழில் வெற்றி பெறுவதும் புகை பெருகுவதும் ஒன்றுதான்.

நம் பக்கத்துக் கணக்கு

இதை ஏதோ அமெரிக்கக் கோடீஸ்வரர் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. இஸ்ரோவின் தலைவராக இருந்த எஸ். சோமநாத், 2030 வாக்கில் இந்தியாவும் விண்வெளிச் சுற்றுலாவைத் தொடங்கலாம், டிக்கெட் ஏறத்தாழ 6 கோடி ரூபாயாக இருக்கலாம் என்று பேசியதாக 2023இல் செய்திகள் வந்தன. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் அதே ஆண்டு மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது. கல்லூரி வளாகத்தில் தொடங்கிய நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட எஞ்சின். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த எஞ்சினும் மண்ணெண்ணெய்க் குடும்பம்.

மனிதரைச் சுமந்து செல்லப்போகும் ககன்யான் திட்டத்துக்கு எல்விஎம்-3 ராக்கெட். அதன் இரு பக்கமும் கட்டிய இரண்டு திட எரிபொருள் உருளைகளில் தலா 200 டன்னுக்கு மேல் எரிபொருள். திட எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெர்குளோரேட் உப்பு. அந்த உப்பின் எடையில் 30 சதவீதம் குளோரின். பெருக்கிப் பார்த்தால் ஒரு தடவைக்கு 80 டன்னை ஒட்டி ஹைட்ரஜன் குளோரைடு வரும். எல்லாமே ஓசோன் அடுக்குக்குப் போவதில்லை, கணிசமான பங்கு போகும். இந்தியா 2024இல் சுற்றுப்பாதைக்கு ஏவியது ஐந்தே ராக்கெட். ஆண்டுக்கு ஐந்து என்றால் வானம் தாங்கும். வாரத்துக்கு ஐந்து என்றால்?

ஓசோன் விஷயத்தில் மனிதகுலத்துக்கு ஏற்கெனவே ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடம் தொடங்கியதே ராக்கெட்டில்தான். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்டோலார்ஸ்கி, ரால்ஃப் சிசரோன் என்ற இரு ஆய்வாளர்கள், அப்போது திட்டத்தில் இருந்த விண்வெளி ஓடத்தின் புகையிலுள்ள குளோரின் ஓசோனை என்ன செய்யும் என்று ஆராய்ந்தார்கள். 1974இல் வேதியியலாளர்கள் ரோலண்டும் மொலினாவும் அதைவிடப் பெரிய குளோரின் ஊற்று சிஎஃப்சி என்று காட்டியதும் உலகத்தின் கவனம் அந்த வாயுவின் பக்கம் திரும்பியது. 1987இல் சிஎஃப்சியைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஓசோன் படலம் இன்று மெல்லத் தேறிவருகிறது. ஆனால் விசாரணை எங்கே ஆரம்பித்ததோ அந்த ராக்கெட் புகைக்கு, அந்த ஒப்பந்தத்தில் இன்று வரை கட்டுப்பாடு இல்லை.

எதற்காகக் கிளம்பியது?

பிப்ரவரி 17 மாலை நாங்கள் பார்த்த ஜிஎஸ்எல்வி சுமந்து போனது இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள். புயலையும் மழை மேகத்தையும் மேலிருந்து கண்காணிப்பது அதன் வேலை. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிறவருக்கு மழை வருமா வராதா என்பது வயிற்றுப்பாடு. பாவு நனைந்து, கஞ்சி கரைந்து, இழை ஒட்டிக்கொண்டால் அன்றைய உழைப்பு போச்சு. கடலோர மீனவருக்கு அது உயிர். அந்தப் புகைக்கு நம்மிடம் ஒரு காரணம் இருக்கிறது. ஜன்னல் வழியே உருண்டை பூமியைப் பார்த்துப் பரவசப்படுவதற்கு எழும் புகையையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வான் இரண்டையும் ஒரே புகையாகத்தான் வாங்கிக்கொள்ளும். வேறுபடுத்திப் பார்க்கும் வேலை நம்முடையது.

தடை போடு என்று நான் கேட்கவில்லை. எந்த எரிபொருள் எந்த உயரத்தில் எவ்வளவு கரியும் குளோரினும் விடுகிறது என்று ஒவ்வொரு நிறுவனமும் அளந்து வெளியிட வேண்டும். இன்பப் பயணத்துக்கு ரப்பரும் திட எரிபொருளும் வேண்டாம் என்று முதலிலேயே எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு வைக்கலாம். மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் ராக்கெட்டுக்கும் ஒரு வரி சேர்க்கலாம். பயணங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போது இது எளிது. முதலீடும் முன்பதிவும் குவிந்த பிறகு எந்த அரசும் இதில் கை வைக்காது.

ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் 2019இல் பொதுமக்களுக்காகப் பார்வையாளர் மாடம் திறந்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர் உட்காரலாம். பெயரைப் பதிந்துவிட்டு, சூளூர்பேட்டை வரை பஸ்ஸிலோ ரயிலிலோ போய், அங்கிருந்து மாடத்துக்குப் போகலாம். ராக்கெட் எழும்பும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதை உணரலாம். அந்த ராக்கெட் எப்படியும் கிளம்பத்தான் போகிறது. அதைப் பார்ப்பதற்காக வானத்தில் கூடுதலாக ஒரு சிட்டிகைக் கரியும் ஏறப்போவதில்லை.

அந்தத் தறிக்காரரிடம் இதையெல்லாம் முழுக்கச் சொன்னது அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கொட்டகையில் தறிகள் நின்றிருந்தன. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூங்கில் கழியில் தென்னந்துடைப்பத்தைக் கட்டி உத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துப் பஞ்சு சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக விழுந்தது. கேட்டு முடித்தவர் கழியை நிறுத்தி, கூரையைப் பார்த்தார்.

"இதுக்கு என் கம்பு எட்டுது. அவ்ளோ ஒசரத்துக்கு யாரு கம்பு எட்டும்?" என்றார். பிறகு மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.